மூலையை நோண்டாதே: ஒரு கட்டைவிரல் சொல்லிக்கொடுத்த பாடம்

போர்வை உரசினாலே உயிர் போகிறது என்கிற நிலைமைக்கு வந்த பிறகுதான் வலது கால் கட்டைவிரலை டாக்டரிடம் காட்டினேன். நகத்தின் ஒரு பக்கம் சிவந்து வீங்கி, லேசாக அழுத்தினாலே நீர் கசிந்தது. சாதாரண நகச்சுத்தி, தானாகச் சரியாகிவிடும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்வியே, "மூலையை வளைச்சு வெட்டுவீங்களா?"

ஆமாம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். விரல் வளைவுக்குத் தகுந்தபடி நகத்தையும் அரைவட்டமாக வெட்டுவேன். நகவெட்டியின் நுனியை மூலைக்குள் விட்டு, உள்ளே இருப்பதையும் நெம்பி எடுத்தால்தான் எனக்கு வெட்டின மாதிரியே இருக்கும். வினை அங்கேதான் இருந்திருக்கிறது. அப்படி வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முள் மாதிரி ஒரு துணுக்கு தங்கிவிடுகிறது. நகம் இருந்த இடத்தில் பக்கத்துச் சதை ஏறிக்கொள்கிறது. அப்புறம் நகம் வளர வளர அந்த முள் சதையில் குத்துகிறது. வலிக்கிறதே என்று மறுபடியும் நோண்டினால், இன்னும் ஆழத்தில் இன்னொரு முள். மூன்று மாதமாக நான் பார்த்த வைத்தியம் இதுதான்!

நல்லவேளை, மரத்துப்போக ஊசி போட்டு நகத்தின் ஓரத்தை வெட்டி எடுக்கிற அளவுக்குப் போகவில்லை. தடவ மருந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைப்பது, முன்பக்கம் அகலமான செருப்பு. வீங்கிய சதையை ஒதுக்கி, நக மூலைக்கு அடியில் மெல்லிய பஞ்சுத் திரி ஒன்றை எப்படி நுழைப்பது என்றும் காட்டிக்கொடுத்தார். முதல் நாள் வீட்டில் அதைச் செய்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். தினமும் திரியை மாற்ற வேண்டும். மற்றபடி பொறுமைதான். கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கட்டைவிரல் நகம் முழுதாகப் புதுசாக ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகும். என் மூலை சதையைத் தாண்டி வெளியே வர நாலு மாதம் ஆனது. அதுவரை கை பரபரக்கும். நகவெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

இப்போது குளித்த பிறகு, நகம் மிருதுவாக இருக்கும்போது வெட்டுகிறேன். வாய் வளையாத, கொஞ்சம் பெரிய நகவெட்டி. ஒரே கடியில் இல்லை, சின்னச் சின்னதாக, நேர்கோட்டில். நுனியில் ஒரு மில்லிமீட்டராவது வெள்ளை இருக்க விடுகிறேன். மூலை துணியில் மாட்டினால் அரத்தால் ஒரே திசையில் தேய்த்தால் போதும். கடைசியில் நகவெட்டியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுவேன். விரல் இடுக்குகளை உலரத் துடைப்பதும் இப்போதுதான் பழகியது. சேற்றுப்புண் வருவதே அந்த ஈரத்தில்தான். குதிகால் வெடிப்புக்குக் கிரீம் தடவினாலும் இடுக்கில் தடவுவதில்லை.

இதெல்லாம் கற்றுக்கொண்ட தெம்பில் அப்பாவின் நகத்தையும் நானே வெட்ட உட்கார்ந்தேன். அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. சுண்டுவிரலை வெட்டி முடித்துத் துண்டைப் பார்த்தால் சிவப்பாக ஒரு பொட்டு. "முடிஞ்சுதாடா?" என்றார் அப்பா. ஓரச் சதை வெட்டுப்பட்டது அவருக்குத் தெரியவே இல்லை. எனக்குத்தான் கை நடுங்கியது. சோப்புப் போட்டுக் கழுவி, கட்டுப் போட்டு, ஆறும்வரை தினமும் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு அவர் காலுக்கு நகவெட்டி கிடையாது. தடித்து மஞ்சளாகிப்போன கட்டைவிரல் நகங்களை டாக்டர் பார்த்துக்கொள்கிறார். ஊறவைப்பதும் இல்லை, ஊறினால் தோல் சுலபமாகக் கிழியும். கழுவுகிற தண்ணீரின் சூட்டை என் முழங்கையால் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவேன். மற்ற விரல்களுக்கு வாரம் ஒருமுறை, அவருக்கென்றே வைத்திருக்கும் அட்டை அரம். பாதத்தை மடியில் வைத்து, அடிப்பக்கத்தையும் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தால், மூன்றாவது விரல் வருவதற்குள் அப்பா தூங்கிவிடுவார்.