கரைமேல் வழி: வடசென்னையிலிருந்து ஒரு கிராவல் சைக்கிள் நாட்குறிப்பு

ஜனவரி 5, ஞாயிறு

மழை ஓய்ந்து கரைகள் காயத் தொடங்கிவிட்டதால் சரளை, மண் பாதைகளுக்கென்று அகல டயரோடு வரும் கிராவல் சைக்கிளில் மண்வழி ஓட்டத்தை இன்று மறுபடியும் தொடங்கினேன். மாதவரத்திலிருந்து செங்குன்றம் போவதற்கு ஜி.என்.டி. சாலைதான் நேர்வழி என்றாலும், விடிவதற்கு முன்பே லாரிகள் வரிசைகட்டும் அந்தச் சாலையில் சைக்கிளை இறக்க எனக்கு மனம் வருவதில்லை. வடபெரும்பாக்கத்தில் திரும்பி, புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய்க் கரையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் சரளை, பிறகு செம்மண், இடையிடையே யாரோ இரவோடு இரவாகக் கொட்டிவிட்டுப் போன கட்டடக் கழிவு என்று தரை மாறிக்கொண்டே இருந்தது.

வடசென்னையைச் சுற்றி நல்ல மண்வழி எங்கே இருக்கிறது என்று தேடியவர்களுக்கு ஓர் உண்மை விரைவிலேயே புலப்பட்டிருக்கும்: அது ஏதாவது ஒரு நீரின் கரையாகத்தான் இருக்கும். ஊர்ச்சாலைகளுக்குத் தார் வந்துவிட்டது, வயல்களுக்கும் மனைகளுக்கும் வேலி வந்துவிட்டது. நீர்வளத் துறையின் ஜீப்பும் பொக்லைனும் போய்வருவதற்காக ஏரிக்கும் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் ஓரமாக விடப்பட்ட கரைகள் மட்டுமே கிராவல் மண்ணாக எஞ்சியிருக்கின்றன. ஆகவே இந்தப் பருவத்தில், கடலில் தொடங்கி மலை வரைக்கும், தண்ணீர் வந்த வழியை எதிர்த்திசையில் துண்டு துண்டாக ஓட்டிப் பார்ப்பதென்று தீர்மானித்திருக்கிறேன்.

கரைவழிகள் சமமாக இருப்பதற்கும் நீர்தான் காரணம். புழல் ஏரியின் முழுக்கொள்ளளவு நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 50.20 அடி, மேற்கே உள்ள பூண்டி நீர்த்தேக்கத்தினுடையது 140 அடி. இரண்டுக்கும் இடையே முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்தும் மொத்த இறக்கம் 90 அடிக்குள் அடங்கிவிடுகிறது. ஏற்றம் இல்லையே என்று மகிழ்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இறக்கமும் இல்லை. மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும் என்பதால், மலைச்சாலையில் கிடைக்கும் ஓய்வு கரையில் கிடைப்பதில்லை.

ஏரியின் பெரிய கரைமேல் எல்லா இடத்திலும் ஏற அனுமதி இல்லை. 3,300 மில்லியன் கனஅடி குடிநீரைத் தேக்கும் ஏரிக்கு அந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. உபரிநீர் வழியும் கலங்கல் பக்கம் நின்று கூழைக்கடாக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஜனவரி 13, திங்கள், போகி

இன்று ஓட்டவில்லை. வியாசர்பாடியிலிருந்து மணலி வரை பனியோடு புகையும் சேர்ந்து தெருமுனை தெரியாத காலையில் மூச்சிரைக்க மிதிப்பது உடலுக்குச் செய்யும் தீங்கு.

சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். பின் டயரில் சீமைக் கருவேல முள் மூன்று இடங்களில் ஒடிந்து உள்ளேயே தங்கியிருந்தது. டியூப் போட்ட டயராக இருந்திருந்தால் மூன்று பஞ்சர். டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றியிருக்கும் பால் போன்ற அடைப்புத் திரவம் துளைகளில் உறைந்து அடைத்துக்கொண்டதால் காற்றழுத்தம் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. நம் வெயிலில் அந்தத் திரவம் விரைவில் வற்றிவிடும் என்பதை வாங்குபவர்களுக்குக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. மாதாமாதம் டயரைக் குலுக்கிப் பார்த்து, உள்ளே தளும்பும் ஓசை கேட்காவிட்டால் மறுபடியும் ஊற்ற வேண்டும்.

காற்று அளவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 40 மி.மீ. அகல டயருக்கு, என் எடைக்கு, பின்னால் 38, முன்னால் 34 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். கல்போல் இறுக அடித்தால்தான் வண்டி ஓடும் என்ற எண்ணம் தார்ச்சாலைக்கு ஓரளவு பொருந்தலாம். சரளையில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லின் மேலும் எகிறிக் குதிப்பதில் வேகத்தை இழக்கிறது, தளர்ந்த டயரோ கல்லைத் தன்னுள் அமுக்கிக்கொண்டு உருண்டுபோகிறது. கையடக்கப் பித்தளை அடாப்டர் ஒன்றையும் பையில் வைத்திருப்பது நல்லது. மெலிந்த பிரெஸ்டா வால்வில் நேராகக் காற்றடிக்க வழியோரப் பஞ்சர் கடையின் குழாய் உதவாது.

ஜனவரி 19, ஞாயிறு

சோழவரம் வழியாகத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டு. இந்தப் பாதை முழுவதும் சென்னையின் முதல் திட்டமிட்ட குடிநீர் வழங்கலின் எலும்புக்கூட்டின் மேல் போகிறது. 1872ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி கொசஸ்தலையாற்று நீரைத் தாமரைப்பாக்கத்தில் தடுத்துத் திருப்பி, கால்வாய் வழியே சோழவரத்துக்கும், அங்கிருந்து புழலுக்கும், புழலிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கும் கொண்டுவந்தார்கள். எல்லாமே பள்ளம் நோக்கி ஓடும் நீரின் இயல்பை மட்டும் நம்பி அமைந்தவை. அந்தக் கால்வாய்க் கரையில் மிதிக்கும்போது, மேட்டை நோக்கிப் போகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாது. வெகுநேரம் கழித்துத் தொடைதான் அதைச் சொல்லும்.

செம்மண் கிராவலின் குணத்தை இன்று நன்றாகப் பார்க்க முடிந்தது. பொடியும் சிறுகல்லும் களியும் சேர்ந்த அந்த மண், ஈரம் சற்றே இருக்கும்போது சக்கரங்களின் எடையில் இறுகித் தார்ச்சாலைக்கு நிகராகிவிடுகிறது. மழை நின்று சில வாரங்கள் வரைதான் அந்த நிலை. முற்றிலும் காய்ந்ததும் பொடி பறந்து, கல் மட்டும் தளர்ந்து மேலே கிடக்கும்; டிராக்டர் போகும் இடங்களில் குறுக்குவாட்டில் அலை அலையாக மேடுபள்ளம் விழும். வண்டல் களி கலந்த ஆற்றங்கரைப் பகுதிகளின் கதை வேறு: ஒரு தூறல் போதும், டயருக்கும் அதைத் தாங்கும் கவையான ஃபோர்க்குக்கும் இடையில் களி அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. தோளில் சைக்கிளைச் சுமந்து நடக்கப் பிரியமில்லாதவர்கள் கறுத்த மண்ணைக் கண்டால் திரும்பிவிட வேண்டும்.

அணைக்கட்டின் ஷட்டர்களுக்கு அருகே, அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கர் ஒருவர் அமர்ந்திருந்தார். "கரைமேல போறது தப்பில்ல தம்பி, மதகுமேல ஏறி போட்டோ மட்டும் எடுக்காத" என்றார். பூண்டியில் திறந்தால் இங்கே எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வரும் என்று கேட்டேன். "அது மணல் எவ்வளவு குடிக்குதுங்கிறதப் பொறுத்தது" என்று சிரித்தார். முதல் வெள்ளத்தை வறண்ட ஆற்றுப்படுகை உறிஞ்சிக்கொள்ளும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். மணல் அள்ளிய குழிகள் கரையிலிருந்து தெரிந்தன.

ஜனவரி 26, ஞாயிறு

தொடக்கத்திலேயே ஓட்டியிருக்க வேண்டிய எண்ணூர்த் துண்டை இன்று ஓட்டினேன். மணலி, சடையங்குப்பம் வழியாக முகத்துவாரம் வரை.

இதை அழகான பாதை என்று யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒருபுறம் ஆலைச் சுவர்கள், மறுபுறம் நிலக்கரிச் சாம்பல் படிந்து மேடிட்ட ஆற்றோரம். காய்ந்த சாம்பல்மேல் டயர் ஏறும்போது மணலைவிட மென்மையாகப் புதைகிறது, எழும் பொடி மூக்கில் நெடுநேரம் தங்குகிறது. முகக்கவசம் இல்லாமல் போகக் கூடாது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு இங்கே பரவிய எண்ணெயின் கறை சில அலையாத்தி மரங்களின் அடியில் இன்னும் இருப்பதாகக் குப்பத்தில் ஒரு அக்கா சொன்னார். அவர்களுக்கு அது இறாலும் நண்டும் பற்றிய பேச்சு, வேடிக்கை பார்க்க வந்தவனிடம் நீட்டிக்கொண்டிருக்கும் பேச்சு அன்று.

ஆனாலும் கொசஸ்தலையாறு கடலைத் தொடும் இடத்தைப் பார்க்காமல் அதன் கரைகளைப் பற்றிப் பேசுவது முறையன்று. இராணிப்பேட்டைப் பக்கம் காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீராகப் புறப்பட்டு, கேசவரத்தில் கூவத்துக்கு ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்து, பூண்டியில் நகரி ஆற்றையும் சேர்த்துக்கொண்டு வருகிற ஆறு இது. மீஞ்சூருக்கு அருகே வல்லூர் அணைக்கட்டில் கடைசியாகத் தடுக்கப்பட்டு, அதைத் தாண்டியதும் உப்புநீரோடு கலந்துவிடுகிறது. மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. வழியில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம் என்று எண்ணி ஒற்றைப் பாட்டிலோடு வருபவர்கள் இந்தப் பக்கத்துக் கைப்பம்புகளை நம்ப வேண்டாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பெரியபாளையம் வழியாக ஊத்துக்கோட்டை. அங்கிருந்து கிருஷ்ணா கால்வாயோடு பூண்டி. மண்வழிக்காகவே ஒருவர் ஒரு நாளை ஒதுக்க முடியுமென்றால் இந்தக் கால்வாய்க்கே ஒதுக்க வேண்டும்.

கிருஷ்ணா ஆற்று நீரைச் சென்னைக்குத் தர ஆந்திரத்தோடு 1983இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் வந்துசேர வேண்டிய நீர் 12 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி); முதல் நீர் பூண்டியை எட்டியது 1996இல். கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து ஆந்திரப் பகுதியில் 152 கி.மீ. ஓடிவரும் கால்வாய், ஊத்துக்கோட்டை அருகே ஜீரோ பாயிண்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மேலும் 25 கி.மீ. சென்று பூண்டியில் முடிகிறது. கரைவழி பெரும்பாலும் இறுகிய செம்மண். பாலங்களின் அருகில் மட்டும் ஜல்லி.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கால்வாயின் உட்பக்கம் கான்கிரீட் சரிவு. தண்ணீர் ஓடும் நாளில் அதில் வழுக்கி விழுந்தால் பாசி பிடித்த சரிவில் பிடிமானம் கிடைக்காது, நீச்சல் தெரிந்தவருக்கும் ஏறிவருவது கடினம். ஆகவே இரண்டு சக்கரத் தடங்களில் எப்போதும் கால்வாய்க்கு எதிர்ப்பக்கத் தடத்திலேயே ஓட்ட வேண்டும், வளைவுகளில் முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்கக் கூடாது, இருட்டிய பின் கரையில் இருக்கவே கூடாது. கேட் பூட்டியிருந்தால் ஊர்ச்சாலைக்கு இறங்கிவிடுங்கள்.

பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் திறக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி அதற்கு முன்பே மறைந்துவிட்டார். அவர் பெயரைத்தான் நீர்த்தேக்கம் தாங்கி நிற்கிறது. கரையோரக் கடையில் பொரித்த மீன் விற்றார்கள். நான் மோரோடு நிறுத்திக்கொண்டேன், திரும்பும் வழி நீளம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நீரின் வழி முடிந்து மலை தொடங்கும் இடம். தாமரைப்பாக்கம், வெங்கல், சீதஞ்சேரி வழியாகக் குடியம். நகரிலிருந்து ஏறக்குறைய 60 கி.மீ. என்பதால் அதிகாலை நான்கு மணிக்கே புறப்பட்டேன்.

அல்லிக்குழி மலைத்தொடர் பெரிய மலையன்று. உயர்ந்த இடமே 380 மீட்டர் அளவில்தான் இருக்கும். சமதளக் கரைகளிலேயே பழகிய கால்களுக்கு அதுவே போதுமானது. முன்னால் ஒரே பற்சக்கரத்தில் 40 பல்லும், பின்னால் மிகப் பெரியது 42 பல்லுமாக என் சைக்கிளில் கியர் இருக்கிறது. ஏற்றத்துக்கென்றே இருக்கும், எட்டு மாதமாகத் தொடாத அந்த 42 பல்லை இன்றுதான் சங்கிலி தொட்டது.

சீதஞ்சேரியைத் தாண்டிக் காட்டோரம் வந்ததும் தரை அடியோடு மாறிவிட்டது. கரைகளில் கிடப்பது முனையுள்ள சரளை. ஒன்றன் பக்கத்தில் ஒன்று பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். இங்கே கிடப்பதோ குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லால் ஆன, உருண்டை உருண்டையான கூழாங்கற்கள், சில கைப்பிடி அளவு, சில தேங்காய் அளவு. டயர் ஏறியதும் அவை உருளும், அடுத்ததைத் தள்ளும், வண்டி தானாகப் பக்கவாட்டில் நகரும். இப்படிப்பட்ட தரையில் இருக்கையிலிருந்து எழுந்து மிதித்தால் பின்சக்கரம் வெறுமனே சுற்றும். உட்கார்ந்தபடியே, எடையைப் பின்னால் வைத்து, கைப்பிடியை இறுக்காமல், வண்டி நாடும் வழியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஏற வேண்டும்.

அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் குடியம் குகைகளின் பாறையிலேயே பார்க்கலாம். பழங்கால நீரோட்டங்கள் உருட்டித் தேய்த்த கூழாங்கற்கள் மணலோடு சேர்ந்து இறுகியதுதான் இம்மலையின் பாறை. அது மழையில் கரையக் கரையக் கற்கள் உதிர்ந்து சரிவெங்கும் பரவுகின்றன. சைக்கிள்காரனுக்குத் தொல்லையான அதே கல்தான் கற்கால மனிதனுக்குக் கருவிக்கான மூலப்பொருள். 1863இல் நிலவியலாளர்கள் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் கண்டெடுத்த கைக்கோடரிகள் குவார்ட்சைட்டில் செய்தவை. தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே நடத்திய அகழாய்வில், செம்மண் சரளை அடுக்குகளுக்குக் கீழே இருந்த களிமண் அடுக்கில் கிடைத்த கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011இல் கணிப்பு வெளியானது. மேல் அடுக்குகளில் கிடைத்த, வேறு நுட்பத்தில் செதுக்கிய கருவிகளுக்கு 3,85,000 ஆண்டுகள் என்று 2018இல் வெளியானது. கிராவல் என்று நாம் லோடு கணக்கில் வாங்கி லேஅவுட்களில் கொட்டும் பொருள் இங்கே ஒரு காலக்கணக்குப் புத்தகம்.

குடியம் ஊரில் ஒரு வீட்டுத் திண்ணை ஓரமாகச் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குகைக்கு நடந்தேன். காட்டுக்குள் சைக்கிளை ஓட்டிப்போக இயலாதா என்றால், சிறிது தூரம் இயலும். ஓட்டக் கூடாது என்பதே என் கருத்து. அது காப்புக்காடு, ஒற்றையடிப் பாதை, மழையில் அரிபடும் மண். டயர்த்தடம் விழுந்தால் அடுத்த மழையில் அதுவே ஓடையாகும். கல் எதையும் எடுத்துவரவும் கூடாது. பார்க்க ஆசைப்படுபவர்களுக்குப் பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

இவற்றில் எதை முதலில் ஓட்டுவது என்று பெரம்பூர் நண்பர் கேட்டிருந்தார். சோழவரம்–தாமரைப்பாக்கம் துண்டைத்தான் சொன்னேன்: தரை நல்லது, கடைகள் உண்டு, அலுத்தால் செங்குன்றம் சாலை பக்கத்திலேயே இருக்கிறது. நேரக்கணக்கு மட்டும் தவறக் கூடாது. நாம் எல்லோரும் காலையில் மேற்கே போய்ப் பகலில் கிழக்கே திரும்புகிறவர்கள். மாசி பிறந்துவிட்டால் முற்பகல் கழியும் முன்பே கடற்காற்று எழுந்துவிடும், கரைமேல் அதைத் தடுக்க மரமோ சுவரோ இல்லை. பதினொரு மணிக்குள் செங்குன்றத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கிளம்புவதே நல்லது.

வரும் ஞாயிறு, தரை இன்னும் பொடியாகும் முன், ஊத்துக்கோட்டையிலிருந்து ஆரணி ஆற்றோடு மேலேறி, சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்டீஸ்வரரைப் பார்த்துவிட்டு, நாகலாபுரம் வழியாகப் பிச்சாட்டூர் அணை வரை போவதாக இருக்கிறேன். பின் டயரை அதற்குள் மாற்றியாக வேண்டும். நடுப்பகுதியின் பட்டைகள் கூழாங்கல்லில் தேய்ந்து மழுங்கிவிட்டன.