கரை மாறி நின்ற பார்டர்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் ஒரு சாறிக்கடைக்கு வெப்சைட் செய்துகொண்டிருக்கிறேன். கடைக்கார அக்கா பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு சாறிப் படத்தையும் சுற்றி ஒரு கரை வேண்டும், இடப்பக்கம் மஜந்தாவில் தொடங்கி வலப்பக்கம் பொன்னிறத்தில் முடிய வேண்டும், மூலைகள் உருண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை என்று நினைத்து ஓம் என்றுவிட்டு வந்தேன். இரவு இரண்டு மணிக்கும் நித்திரை இல்லை.

முதலில் பார்டர்-கலருக்கு (கரையின் நிறம் சொல்லும் வரி) நேரே லீனியர்-கிரேடியன்ட் (ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறுவது) எழுதினேன், கிட்டத்தட்ட எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற பிழை. சிஎஸ்எஸ் (வெப்சைட்டின் தோற்றத்தை எழுதுகிற மொழி) கணக்கில் கிரேடியன்ட் ஒரு படம். நிறம் கேட்கிற இடத்தில் படத்தைக் கொடுத்தால் பிரவுசர் சத்தமே போடாமல் அந்த வரியை விட்டுவிட்டுப் போய்விடும்.

படம் கேட்கிற இடம் பார்டர்-இமேஜ். அதில் கிரேடியன்டை எழுதி ஸ்லைஸுக்கு (படத்தின் ஓரத்தில் எவ்வளவை வெட்டிக் கரைக்கு எடுப்பது என்ற அளவு) 1 போட்டால் கரை வந்துவிடும். வராவிட்டால் வரிசையைப் பாருங்கள்: பார்டர் என்ற சுருக்க வரி பார்டர்-இமேஜையும் சேர்த்து அழித்துவிடும், அதனால் இமேஜ் வரி அதற்குக் கீழேதான் வர வேண்டும் (இதைக் கண்டுபிடிப்பதற்குள் என் பிளேன்ரீ ஆறிப்போனது). சரி, கரை வந்தது, மூலை கூராகவே நின்றது. ரேடியஸை (மூலையின் வளைவு அளவு) 16 பிக்சல், 40 பிக்சல் என்று ஏற்றிப் பார்த்தேன். உள்ளே இருக்கிற பின்னணி வளைகிறது, கரை அசையவில்லை. பிரவுசரைத் திட்டிப் பயனில்லை, பார்டர்-இமேஜை ரேடியஸ் வெட்டாது என்பதுதான் விதியே. சதுர மூலை போதும் என்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பழைய வழி ஒன்று இருக்கிறது. வெளியே ஒரு பெட்டிக்கு கிரேடியன்ட் பின்னணி, 4 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி), உள்ளே வெள்ளைப் பெட்டி. வேலை செய்யும். ஆனால் வெளி ரேடியஸ் 16 என்றால் உள் ரேடியஸை 12 என்று நாமே கழித்து எழுத வேண்டும், இரண்டுக்கும் 16 போட்டால் மூலையில் மட்டும் கரை தடித்துத் தெரியும். ஒரு கரைக்காக எச்டிஎம்எல்லில் (பக்கத்தின் எலும்புக்கூடு) ஒரு டிவ்வை, அதாவது இன்னொரு பெட்டியை, கூட்டுவது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

கடைசியில் எடுத்தது இரட்டைப் பின்னணி. 6 பிக்சல் பார்டரை டிரான்ஸ்பரன்ட் ஆக்கிவிட்டு, பின்னணியை இரண்டு அடுக்காக எழுதுவது: மேல் அடுக்கு வெள்ளை, அது பேடிங்-பாக்ஸ் (கரைக்கு உள்ளே இருக்கிற பகுதி) வரைக்கும்தான், கீழ் அடுக்கு கிரேடியன்ட், அது பார்டர்-பாக்ஸ் (கரையும் சேர்ந்த முழுப் பெட்டி) வரைக்கும் போகும். வெள்ளை மூடாத ஓரத்தில் கீழே இருக்கிற நிறம் கரையாகத் தெரியும், மூலையும் ஒழுங்காக வளையும். தனி நிறத்தைக் கடைசி அடுக்கில் மட்டும்தான் எழுத விடுவார்கள், அதனால் மேலே வருகிற வெள்ளையை வெள்ளையிலிருந்து வெள்ளைக்குப் போகிற கிரேடியன்டாக எழுத வேண்டும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், எழுதத்தான் வேண்டும்.

காலையில் லிங்கை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கடைக்குப் போனேன். அக்கா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தம்பி, இதென்ன, இடப்பக்கம் பொன்னாக் கிடக்கு, வலப்பக்கம் மஜந்தாவாக் கிடக்கு. கரை மாறியெல்லோ நிக்குது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் கரையும் கீழ் கரையும் மஜந்தாவில் தொடங்கிப் பொன்னுக்கு ஒழுங்காகப் போகின்றன. இடப்பக்க 6 பிக்சல் மட்டும் முழுப் பொன், வலப்பக்க 6 பிக்சல் முழு மஜந்தா. சாறிக் கரையை வருஷக்கணக்காகப் பார்த்த கண், ஒரே பார்வையில் பிடித்துவிட்டது. நான் இரவு முழுக்கப் பார்த்தும் காணவில்லை.

காரணம் இதுதான். நான் பேக்ரவுண்ட்-கிளிப்பை மட்டும் எழுதி பேக்ரவுண்ட்-ஒரிஜினை விட்டுவிட்டேன். கிளிப் என்பது படம் எதுவரை தெரியலாம் என்பது, ஒரிஜின் என்பது படம் எங்கே தொடங்க வேண்டும் என்பது. சொல்லாவிட்டால் ஒரிஜின் பேடிங்-பாக்ஸ்தான், ஆகவே கிரேடியன்ட் கரைக்கு உள்ளே தொடங்கி உள்ளேயே முடிந்துவிடுகிறது. வெளியே மிச்சமிருக்கிற 6 பிக்சலுக்குப் பின்னணி, தரையில் டைல் பதித்த மாதிரி, மறுபடி ஓடும். அதனால் இடப்பக்கத்தில் தெரிவது முந்தின டைலின் வால், வலப்பக்கத்தில் தெரிவது அடுத்த டைலின் தலை. ஒரிஜினையும் பார்டர்-பாக்ஸ் ஆக்கினேன், சரியாகிவிட்டது. பேக்ரவுண்ட் என்ற சுருக்க வரியிலேயே பார்டர்-பாக்ஸ் என்று ஒருமுறை எழுதினால் கிளிப், ஒரிஜின் இரண்டுக்கும் அதுவே போகும், அப்படி எழுதிப் பழகியவர்களுக்கு இந்தத் தலையிடி வராது.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. அக்கா இன்னொரு வகைக்கு நீலமும் மஞ்சளும் கேட்டார். போட்டால் நடுவில் ஊத்தைச் சாம்பல். கணக்கு அப்படி, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்: முழு நீலம் 0, 0, 255; முழு மஞ்சள் 255, 255, 0; நடுவில் மூன்றும் 128க்கு வந்து நிற்கும், அது அசல் சாம்பல்தான். கிரேடியன்டுக்குள் முதலில் இன் ஓகேஎல்சிஎச் (நிறங்களை வேறு கணக்கில் கலக்கச் சொல்வது) என்று சேர்த்தால் நடுப்பகுதி பச்சை சாயலில் உயிரோடு வரும். அதற்கு முந்தின வரியில் சாதாரண கிரேடியன்ட் ஒன்றை எழுதி வையுங்கள், பழைய பிரவுசர் அதை எடுத்துக்கொள்ளும்.

அக்காவின் மருமகன் கரையைச் சுற்ற விடச் சொன்னான். கோனிக்-கிரேடியன்டின் (மையத்தைச் சுற்றி நிறம் மாறுவது) கோணத்தை அட்-பிராப்பர்டியில் (ஒரு மதிப்பின் வகையை பிரவுசருக்குச் சொல்லி வைக்கிற விதி) பதிந்து அசைக்கலாம், 2024 ஜூலையில் பயர்பாக்ஸ் 128 வந்ததோடு எல்லாப் பெரிய பிரவுசரிலும் ஓடும். ஒரு பட்டனுக்கு அழகு. ஒரே பக்கத்தில் 40 சாறியும் சேர்ந்து சுழன்றால் வாங்க வந்தவருக்குத் தலை சுற்றும் என்றேன், அக்கா என் பக்கம்.

அப்புறம் போனைத் திருப்பித் தரும்போது, "கரை கொஞ்சம் மொத்தமாக் கிடக்கு தம்பி, நாலாக்குங்கோ" என்றார். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து 6ஐ 4 ஆக்கினேன். உள் வளைவை பிரவுசரே கழித்துக்கொண்டது, வேறு ஒரு வரியையும் தொடவில்லை.