ஆர்மோனியம் கேட்டேன், தையல் இயந்திரம் கிடைத்தது

2021 சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றவள் நான் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு செலவாச்சு?" 1,87,460 ரூபாய். டெபாசிட் தனி. இப்படிச் சுத்தமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் என் தொழில். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சின்னத் தெருக்கூத்து அறக்கட்டளையின் நிர்வாகம் பதினெட்டு வருடம் என் கையில் இருந்தது. நான் ஆடுகிறவளும் இல்லை, பாடுகிறவளும் இல்லை. நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது, வந்த காசுக்கு வவுச்சர் வைப்பது, எந்த ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, எந்த ராத்திரி எந்த ஊர் என்று பட்டியல் போடுவது, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டையைப் புதுப்பிக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு அலைவது, இதுதான் வேலை. விசிட்டிங் கார்டில் 'கலை நிர்வாகி'. ஊரில் 'ஆபீஸ் அம்மா'.

ஏன் நின்றேன் என்பதற்குப் பெரிய கதை இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். கூத்து சூடு பிடிப்பதே பத்து மணிக்கு மேல்தான், விடியும்வரை நடக்கும். அதனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு ராத்திரிக்கும் அனுமதி வாங்க மனுவோடு நிற்க வேண்டும். 2020-இல் ஊரடங்கு வந்தபோது பங்குனியிலிருந்து ஆடிவரை ஒரு ராத்திரிகூட இல்லாமல் போயிற்று. அர்ச்சுனன் வேஷக்காரர் தெருத்தெருவாகத் தக்காளி விற்றார். நிவாரணம் கேட்டு எழுதிய கடிதங்களின் நகல் மட்டுமே ஒரு ஃபைல் நிறைய இருந்தது. அதைப் பார்த்த எங்கள் கட்டியங்காரர்தான் சொன்னார்: "எத்தினி மனும்மா எழுதுவ? ஒரு தபா வேட்புமனு எழுதிப் பாரேன்." கட்டியங்காரன் சொன்னால் சிரிக்க வேண்டும் என்பது கூத்தின் விதி. நான் சிரிக்கவில்லை.

முதல் சிக்கல் என் பதவியே. அறக்கட்டளைக்கு அரசின் நிதி வருகிறது, அரசு விழாக்களுக்கு ஜமா அனுப்பியிருக்கிறோம். அரசோடு நடப்பில் ஒப்பந்தம் இருப்பவர் போட்டியிடத் தகுதியிழக்கலாம் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு. எனக்குத் தெரிந்த வக்கீல், "இது ஒப்பந்தமா, மானியமான்னு வாதாடலாம். ஆனா பரிசீலனை அன்னிக்கு உங்களுக்கு அஞ்சு நிமிஷம்தான் கிடைக்கும்" என்றார். செயலாளர் பொறுப்பை ராஜினாமா செய்தேன். கடிதத்தை நானே தட்டச்சு செய்து, நானே உள்வரவுப் பதிவேட்டில் எண் போட்டு, பிறகுதான் தலைவரிடம் கொடுத்தேன். அந்த ஆபீசில் அதைச் செய்ய வேறு ஆள் இல்லை.

அடுத்து முன்மொழிபவர்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர், பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். நாற்பது கலைஞர்களைத் தெரியும், பத்துக் கையெழுத்து என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு ஜமாவில் பத்துப் பேர் இருந்தால் அவர்கள் ஆறு ஊர்க்காரர்கள். அதில் மூன்று ஊர் பக்கத்துத் தொகுதி. துரியோதனன் வேஷக்காரரை எல்லாரும் அழைக்கும் பெயர் ஒன்று, வாக்காளர் பட்டியலில் இருப்பது வேறு. பாகம் எண், வரிசை எண் தேடி இரண்டு நாள் போயிற்று. வயதில் மூத்த இரண்டு கூத்து வாத்தியார்களுக்குக் கைநாட்டுதான். கைநாட்டு என்றால் அதற்குரிய அலுவலர் முன்னிலையில் வைக்க வேண்டும். ஆனால் கொரோனா விதிப்படி மனு தாக்கல் செய்ய வேட்பாளரோடு இரண்டு பேர்தான் உள்ளே போகலாம். அந்த இருவரையும் கைநாட்டுக்கென்றே அழைத்துப் போய்விடலாம் என்றுகூட யோசித்தேன். அப்படிச் செய்தால் வக்கீல் வெளியே நிற்க வேண்டும். கடைசியில் அவர்களை விட்டுவிட்டு, ஒப்பனைக்கு உதவும் பையன்கள் இருவரிடம் கையெழுத்து வாங்கினேன். வாத்தியாருக்கு வருத்தம். "ராமாயணம், பாரதம் ரெண்டும் மனப்பாடமா சொல்றேன், எங்கையி செல்லாதா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

படிவம் 26 என்கிற பிரமாணப் பத்திரம்தான் எனக்கு வசதியான இடம். மற்றவர்கள் அதைக் கண்டு மிரளுகிறார்கள். நிதி விண்ணப்பம் எழுதிப் பழகியவர்களுக்கு அது தெரிந்த வீடு மாதிரி. ஒரு கட்டத்தையும் காலியாக விடக்கூடாது, சொல்ல ஒன்றுமில்லை என்றால் 'இல்லை' என்றாவது எழுத வேண்டும். காலியாக விட்டு, நோட்டீஸ் வந்தும் நிரப்பாவிட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஐந்து வருட வருமான வரிக் கணக்கு, நகை, கடன், என் வீட்டுக்காரரின் சேமிப்பு, எல்லாம் போட்டேன். அவர் அரசுப் பள்ளி ஆசிரியர். மனைவி வேட்பாளர் என்பதற்காக ஒரு நோட்டீஸைக்கூட அவர் கையால் தொட முடியாது. அவருக்குத் தேர்தல் பணி வேறு போட்டிருந்தார்கள், வேறொரு தொகுதியில். வீட்டில் ஒரே மேஜையில் அவர் பயிற்சிக் கையேடு படிப்பார், எதிரே நான் துண்டுப் பிரசுரத்துக்கு மெய்ப்புத் திருத்துவேன். அதில் எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் சொல்லலாமா கூடாதா என்று அவருக்குச் சந்தேகம். தொண்டையை மட்டும் கனைப்பார்.

மனு தாக்கல் மார்ச் 12 தொடங்கி 19 வரை, காலை 11 மணியிலிருந்து மாலை 3 மணிவரை. இதில் நான் கண்டுபிடித்த ஒரே தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன்: ராகு காலத்தில் போங்கள். 17-ஆம் தேதி புதன்கிழமை, ராகு காலம் 12 முதல் 1.30. பதினோரு மணிக்கு வாசலில் நெரிசல். பன்னிரண்டு அடித்ததும் யாரோ துடைத்துவிட்டதுபோல வராந்தா காலி. நானும் வக்கீலும் முன்மொழிந்தவர்களில் ஒருவரும் நேராக உள்ளே போனோம். மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகூடக் கிடைத்தது. வங்கிக் கணக்கு விவரம் கேட்டார்கள். தேர்தல் செலவுக்கென்று தனிக் கணக்கை மனுவுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தொடங்கியிருக்க வேண்டும். பொதுப்பிரிவுக்கு டெபாசிட் 10,000. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அதில் பாதி. உறுதிமொழி வாசிக்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் நடுங்கியது. பதினெட்டு வருடம் திரைக்குப் பின்னால் இருந்தவள் அல்லவா.

20-ஆம் தேதி பரிசீலனையில் ஒரு தடங்கலும் இல்லை. தப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது, அதைச் செய்தவள் நான்தான்.

மனுவிலேயே, கட்சிகளுக்கு ஒதுக்காத சின்னங்களில் மூன்றை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். பட்டியலில் ஆர்மோனியம் இருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கூத்துக்காரர்கள் சார்பாக நிற்கிறவளுக்கு ஆர்மோனியப் பெட்டி, இதைவிட என்ன வேண்டும்! யார் அதைக் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பில் எல்லா ஊரிலும் சொல்லிவிட்டேன். கட்டியங்காரர் பாட்டே கட்டிவிட்டார். இரண்டாவதாக, உடுப்புத் தைக்கிறவர்களை நினைத்துத் தையல் இயந்திரம் என்று எழுதியிருந்தேன். 22-ஆம் தேதி மாலை மூன்று மணிக்கு வாபஸ் நேரம் முடிந்தது. சின்னம் ஒதுக்கும்போது பார்த்தால் இன்னொரு சுயேச்சையும் ஆர்மோனியம் கேட்டிருக்கிறார். குலுக்கல். மடித்த சீட்டு இரண்டு. அவருக்கு ஆர்மோனியம், எனக்குத் தையல் இயந்திரம். அதற்குப் பிறகு அந்த மனிதரை நான் தொகுதியில் எங்கும் பார்க்கவில்லை. ஒரு போஸ்டர்கூட இல்லை.

பிரச்சாரத்துக்குப் பதின்மூன்று நாள். ராத்திரி பத்து மணிக்கு முடித்துக்கொள்ள வேண்டும். நான் எந்த விதியை எதிர்த்து நின்றேனோ, அதே விதியின் கீழ் கூத்துக் கட்டி ஓட்டுக் கேட்டேன். "களரி கட்டி முடிக்கவே பத்தாயிடும், அதுக்குள்ள மங்களம் பாடச் சொல்றியே" என்றார் வாத்தியார். ஆறரைக்கே முகத்துக்கு அரிதாரம் பூசி, கிரீடம் புஜக்கீர்த்தி எதுவும் இல்லாமல், கட்டியங்காரரையும் ஒரு பெண் வேஷத்தையும் மட்டும் வைத்து அரை மணி நேரம் ஆடினார்கள். அவர்கள் காசு வாங்கவில்லை. ஆனால் செலவுக் கணக்கில் இலவசம் என்று ஒன்று கிடையாது. வீடியோ எடுக்கும் குழு வந்து எல்லாவற்றையும் எண்ணும், மாவட்டத்தில் போட்ட விலைப்பட்டியல்படி தொகையை ஒரு நிழல் பதிவேட்டில் ஏற்றும். டீக்கு ஒரு விலை, நாற்காலிக்கு ஒரு விலை. நம் பதிவேட்டை மூன்று முறை அவர்களோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். முதல் ஒப்பீட்டில் அங்கிருந்த தம்பி, கூத்தில் ஊதும் குழலான முகவீணையில் வந்து நின்றுவிட்டார். விலைப்பட்டியலில் முகவீணைக்கு இடமே இல்லை. நாதஸ்வரத்தில் சேர்க்கலாமா, பேண்ட் வாத்தியத்தில் சேர்க்கலாமா? நாதஸ்வரம் என்றால் விலை அதிகம். "அதைவிடச் சின்னதுங்க, ஒரு முழம்கூட இருக்காது" என்று கையால் அளந்து காட்டினேன். பேண்ட் வாத்தியத்தில் எழுதிக்கொண்டார். செலவு உச்சவரம்பு அப்போது 30.8 லட்சம். நான் இரண்டு லட்சத்தையே தொடவில்லை. ஆனாலும் முகவீணைக்காகக் கால் மணி நேரம் வாதாடினேன்.

ஒரு ராத்திரி ஒரு மணிக்குப் போன். வேறோர் ஊரில் கோயில் கூத்து முடித்துத் திரும்பிய ஜமாவின் வேனைப் பறக்கும் படை நிறுத்தியிருக்கிறது. பெட்டியைத் திறந்தால் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடங்கள், கூடவே 38,000 ரூபாய். ஐம்பதாயிரத்துக்குள்தான், இருந்தாலும் ரசீது கேட்டார்கள். கூத்துக்கு வெற்றிலை பாக்கில் பணம் வைத்துப் பேசி முடிப்பதுதான் வழக்கம், தாம்பூலத்துக்கு ரசீது ஏது? பழக்க தோஷத்தில் நானே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அலுவலர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த வேட்பாளர் பட்டியலைப் பார்த்தார். "வேட்பாளரே வந்துட்டீங்களா? அப்ப இது உங்க வண்டியா?" அதுவரை ரசீது இல்லாத காசாக மட்டும் இருந்தது, நான் போன பிறகு ஓட்டுக்குக் கொடுக்கும் காசாகிவிட்டது. கோயில் தர்மகர்த்தாவை எழுப்பி அவரே போனில் சொல்லி, விழா நோட்டீஸில் ஜமா பெயரைக் காட்டி, மூன்றரைக்கு வேனை விட்டார்கள். பணமும் கிரீடமும் பத்திரமாகத் திரும்பின. அவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. ஓட்டுப் போடும் கைக்குப் பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள். பதினோரு சாவடிகளுக்குத்தான் என்னால் ஏஜென்ட் போட முடிந்தது. மே 2 எண்ணிக்கைக்கு உள்ளே போகக் கொரோனா இல்லை என்ற சான்று வேண்டியிருந்தது. நான்காவது சுற்றோடு எழுந்து வந்துவிட்டேன். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும். அந்தக் கணக்கைப் போட எனக்குப் பேனா தேவைப்படவில்லை.

செலவுக் கணக்கை முடிவு வந்த முப்பது நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் மூன்று வருடம் எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாமல் போகலாம். தோற்ற சுயேச்சைகள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். மறுபடியும் ஊரடங்கு. பாஸ் வாங்கிக்கொண்டு போய், எண் போட்டுக் கோத்த வவுச்சர்களோடு கொடுத்துவிட்டு வந்தேன். புரட்டிப் பார்த்தவர், "நீங்க ஆடிட்டரா மேடம்?" என்று கேட்டார். அந்தத் தேர்தலில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

ஒவ்வொரு சாவடியின் ஓட்டுக் கணக்கும் இருக்கும் படிவம் 20 வந்த பிறகு உட்கார்ந்து பார்த்தேன். கூத்துக்காரர்கள் அதிகம் இருக்கும் ஊரின் சாவடியில் எனக்கு 9 ஓட்டு. ஆர்மோனியத்துக்கு 31. பக்கத்து ஊரிலும் கிட்டத்தட்ட அதே கதை. மற்ற இடங்களில் அந்தச் சின்னத்துக்கு ஒன்று, இரண்டு, பூஜ்யம்.

ஆடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுபிடி தளர்ந்து ஒத்திகை தொடங்கியபோது, எங்கள் ஜமாவின் ஆர்மோனியக்காரர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். என்னை முன்மொழிந்த பத்துப் பேரில் அவரும் ஒருவர். தையல் மிஷின் என்று தெருத்தெருவாகப் பாடியவர்களுக்கு வாசித்தவரும் அவரே.

"உன் போட்டோவத் தேடிக்கினுதாம்மா போனேன். மேல பெட்டி தெரிஞ்சுதா, விரல் தானா அங்க போயிடுச்சு. பக்கத்துல கண்ணாடிக்குள்ள சீட்டு வந்து நிக்குது, ஆர்மோனியம். ஏழு செகண்டு அதையே பாத்துக்கினு நின்னேன்."