முதலில் கால், பிறகுதான் ரிங்

பந்தைக் கையில் கொடுத்தால் முக்கால்வாசிப் பிள்ளைகள் செய்வது ஒன்றுதான். மூன்று பொயின்ட் கோட்டுக்கு அங்கால போய் நின்று இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் ரிங்கை நோக்கி எறிவார்கள். ஆசை விளங்குது. ஆனால் கூடைப்பந்து அங்கே தொடங்குவதில்லை, காலில் தொடங்குகிறது. மட்டக்களப்பில் பிள்ளைகளைப் பழக்குகிற எல்லாரிடமும் நான் வாதாடுகிற விஷயம் இது.

முழங்காலை மடித்து, காலைத் தோளளவு விரித்து, பாரத்தை முன்பாதத்தில் வைத்து நிற்கத் தெரிய வேண்டும். அப்புறம் ஓடிவந்து நிற்கத் தெரிய வேண்டும், அதுதான் கஷ்டம். பந்தைப் பிடித்து இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் பட நின்றால் எந்தக் காலையும் ஊன்றிக்கொண்டு திரும்பலாம். ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டால் முதலில் பட்டதுதான் ஊன்றுகால், மற்றதை மட்டும்தான் எடுத்து வைக்கலாம். பந்தைத் தட்டத் தொடங்குகிறபோது, அது கையை விட்டுப் போகுமுன் ஊன்றுகால் எழும்பினால் ட்ராவல், அதாவது பந்தோடு நடந்த பிழை. இது விளங்காத பிள்ளைக்கு நடுவர் விசில் ஊதுவதெல்லாம் அநியாயமாகத்தான் தெரியும்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பலம் இருக்கிறது, அதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. பாடசாலையில் வலைப்பந்து விளையாடியவர்களுக்குப் பிடித்து நிற்பதும் ஒரு காலில் திரும்புவதும் ஊறிப்போயிருக்கும், ஏனென்றால் அந்த விளையாட்டில் பந்தோடு ஓடவே முடியாது, மூன்று செக்கனுக்குள் பாஸும் கொடுத்தாக வேண்டும். அவர்களுக்குப் புதிதாகப் பழக்க வேண்டியது ட்ரிபிளிங்கும், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவதும், ரிங்குக்குப் பின்னால் இருக்கிற போர்ட்டைப் பாவிப்பதும்தான். வலைப்பந்துக் கம்பத்தில் போர்ட் இல்லையே, அதனால் லே-அப் போகும்போதும், அதாவது ஓடிவந்து ரிங்குக்குக் கிட்ட எழும்பிப் பந்தைப் போடும்போதும், ரிங்கையே பார்ப்பார்கள். போர்ட்டில் ரிங்குக்கு மேலே கீறியிருக்கிற சதுரத்தின் மேல்மூலையைப் பார் மகள் என்று சொன்னால் கொஞ்ச நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

ட்ரிபிளிங்கில் உள்ளங்கை படக்கூடாது, விரல்கள்தான். கண் மேலே இருக்க வேண்டும். நான் எதிரே நின்று விரல்களைக் காட்டுவேன், தட்டிக்கொண்டே எத்தனை என்று சொல்ல வேண்டும், அதுவும் இடது கையால்.

சரி, ஷூட்டிங். பந்து ஏன் வளைந்து போக வேண்டும் என்பதைக் கணக்காகச் சொன்னால் பெரிய பொடியன்களும் கேட்கிறார்கள். ரிங்கின் உள்விட்டம் 45 சென்ரிமீற்றர், 7ஆம் இலக்கப் பந்தின் விட்டம் கிட்டத்தட்ட 24. நேர் மேலிருந்து இறங்கும் பந்துக்குத் தாராளமாக இடம் உண்டு. 45 பாகைச் சரிவில் வந்தால் அந்த வாய் 32 சென்ரிமீற்றராகச் சுருங்குகிறது, 30 பாகையில் வெறும் 22½, அதாவது விளிம்பில் படாமல் பந்து உள்ளே போகவே வழியில்லை. நெஞ்சிலிருந்து தள்ளி எறிகிற பந்து அப்படித்தான் தட்டையாக வருகிறது. முழங்கை ரிங்குக்கு நேரே, பலம் முழங்காலில் இருந்து, கடைசியில் மணிக்கட்டு மடிய வேண்டும்.

இந்த விளையாட்டு இங்கே புதிதல்ல. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் புனித மிக்கேல் கல்லூரியில் இதை ஊன்றி வளர்த்தார்கள். அங்கே பயிற்றுவித்த யூஜின் ஹேபியர் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். அப்படி வளர்ந்த விளையாட்டை இன்று அடிப்படை இல்லாமல் அவசர அவசரமாகப் பழக்குவது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

பந்து வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 7ஆம் இலக்கம் வளர்ந்த ஆண்களுக்கு, 6 பெண்களுக்கு, பன்னிரண்டு வயதுக்குக் கீழே 5. அந்த வயதுக்கு ரிங்கும் 3.05 மீற்றர் உயரத்தில் அல்ல, 2.60இல் இருக்க வேண்டும். இறக்க முடியாத ரிங் என்றால் அதை விட்டுவிடுங்கள். சுவரில் நெஞ்சுயரத்துக்குச் சோக்கால் ஒரு சதுரம் கீறி, அதற்குள் பாஸ் அடித்துத் திரும்பி வரும் பந்தை இரண்டு காலில் நின்று பிடிக்கச் சொல்லுங்கள்.