தொடை எலும்பு முறிந்த நான்கு மாதக் குழந்தை: ஒரு சந்தேகத்தை முறைப்படி விசாரித்த அனுபவம்

தென்மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவில் பணியாற்றுகிறேன். வீட்டில் உள்ள ஒருவரே குழந்தையைக் காயப்படுத்தியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்த பிறகு மருத்துவர் எந்த வழியில் செல்ல வேண்டியிருக்கிறது என்பதை, நான் கவனித்த ஒரு குழந்தையை முன்வைத்து எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குழந்தைக்கு வயது நான்கு மாதம். இடது தொடை வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பு நடுவில் முறிந்திருந்தது. காலில் மூங்கில் பத்தையும் பச்சிலைக் கட்டும் இருந்தன. காயம் பட்டவுடன் மருத்துவமனைக்கு வராமல் தாமதிப்பது சந்தேகத்துக்குரிய அறிகுறி என்று பாடநூல்கள் சொல்கின்றன. எங்கள் பகுதியில் எலும்பு முறிந்தால் முதலில் கட்டு போடுபவரிடம்தான் போவார்கள். அந்தத் தாமதத்தை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிக்க முடியாது. அதே சமயம், தவழக்கூடத் தொடங்காத குழந்தையின் தொடை எலும்பு முறிந்திருந்தால் அதற்குப் பொருத்தமான விளக்கம் கிடைக்கும்வரை விடவும் முடியாது.

தூளியிலிருந்து விழுந்துவிட்டான் என்றார் பாட்டி. மாலையில் வந்த தந்தை, மூன்று வயது மூத்த மகன் குழந்தையின் கால்மேல் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார். தான் அப்போது குளித்துக்கொண்டிருந்ததாகத் தாய் சொன்னார். மூவரையும் தனித்தனியே கேட்டு, ஒவ்வொருவரும் பேசிய சொற்களைப் பேச்சு வழக்கிலேயே, நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதினேன். ‘கீழே விழுந்ததாகச் சொல்கிறார்கள்’ என்று ஒரே வரியில் முடிப்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் சேலைத் தூளியின் அடிப்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், தரை சிமெண்டா சாணம் மெழுகியதா, விழுந்த சத்தத்தை யார் கேட்டார்கள், உடனே அழுதானா என்பதையெல்லாம் முதல் நாளே கேட்டு எழுதிவிட வேண்டும். இரண்டாம் நாள் குடும்பத்தார் தங்களுக்குள் பேசி ஒரே கதைக்கு வந்துவிடுவார்கள். அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பயத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பாட்டி தன் கையால் காட்டிய உயரம் ஒரு சாணுக்குமேல் இல்லை.

உடைகளை முழுவதும் கழற்றிப் பார்த்தபோது இடது காதின் பின்புறத்திலும் தாடையின் கோணத்திலும் சிறிய கன்றல்கள் தெரிந்தன. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடற்பகுதியிலோ காதிலோ கழுத்திலோ கன்றல் இருந்தால் கவனிக்க வேண்டும் என்பதும், ஐந்து மாதம்கூட நிறையாத குழந்தைக்கு உடலில் எங்கே கன்றியிருந்தாலும் கவனிக்க வேண்டும் என்பதும் இன்று பரவலாகப் பின்பற்றப்படும் விதி. மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய மடிப்பு கிழிந்திருக்கிறதா என்றும் பார்த்தோம், கிழியவில்லை. முதுகின் கீழ்ப்பகுதியில் இருந்த நீலத் திட்டுகளைப் பயிற்சி மருத்துவர் ‘பல நாட்களுக்கு முந்தைய கன்றல்’ என்று எழுதியிருந்தார். அவை மங்கோலியத் திட்டுகள்; நம் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே இருப்பவை. கன்றல் என்றால் சில நாட்களில் நிறம் மாறி மறையும், இவை மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். அந்த வரியைத் திருத்தி, காரணத்தையும் எழுதிக் கையொப்பமிடச் சொன்னேன். கன்றலின் நிறத்தைக் கொண்டு அது எத்தனை நாள் பழையது என்று சொல்லும் பழக்கமும் நம்பத்தக்கதல்ல என்பதால், அளவையும் இடத்தையும் மட்டும் குறித்து, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்தோம்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உடல் முழுவதன் எலும்புகளையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கேட்டு அனுப்பியபோது தலை முதல் கால்வரை ஒரே படமாக எடுத்து அனுப்பியிருந்தார்கள். கதிரியக்கவியல் மருத்துவர் அதைப் படிக்க மறுத்துவிட்டார். கை, கால், பாதம், மண்டை, முதுகெலும்பு, விலாவின் சாய்வுப் படங்கள் என்று தனித்தனியே சுமார் இருபது படங்கள் எடுத்தால்தான் எலும்பு முனைகளில் ஏற்படும் சிறு உடைவுகள் தெரியும் என்றார். குழந்தைகளின் மூளை உறைக்கு அடியில் இரத்தக் கசிவும் நீள எலும்புகளில் முறிவுகளும் சேர்ந்து காணப்படுவதை 1946இல் முதலில் எழுதிய ஜான் கேஃபி கதிரியக்க மருத்துவர்தான் என்பதை அவர் பெருமையோடு நினைவூட்டினார். குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 1962இல் அதற்கு ‘அடிக்கப்பட்ட குழந்தை நோய்க்குறி’ என்று பெயர் கொடுத்த பிறகே மருத்துவ உலகம் விழித்துக்கொண்டது.

முதல் தொகுதிப் படங்களில் தொடையைத் தவிர வேறு முறிவு தெரியவில்லை. தலை சி.டி. ஸ்கேனும், கண் மருத்துவர் பார்த்த விழித்திரையும் இயல்பாக இருந்தன. தட்டணுக்கள், இரத்தம் உறையும் நேரம், கால்சியம், பாஸ்பேட், அல்கலைன் பாஸ்படேஸ், வைட்டமின் டி, கல்லீரல் நொதிகள் ஆகியவற்றைப் பரிசோதித்தோம். வைட்டமின் டி குறைவு போன்றவற்றால் எலும்பு மென்மையாகும் ரிக்கட்ஸ், இரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா, பிறவியிலேயே எலும்பு எளிதில் நொறுங்கும் நோய் ஆகியவற்றை விலக்காமல் எந்த முடிவையும் எழுதுவது குடும்பத்துக்குச் செய்யும் அநீதி.

குடும்பத்தாரிடம் பேசுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. இந்த வயதுக் குழந்தைக்கு எலும்பு முறிந்தால் யார் வீட்டுப் பிள்ளையானாலும் இத்தனை பரிசோதனைகளையும் செய்வோம், காவல்துறைக்கும் தகவல் தருவோம் என்று நேரடியாகச் சொன்னேன். “எங்க புள்ளைய நாங்களே ஒடிப்போமா டாக்டரம்மா?” என்று பாட்டி கேட்டார். யார் செய்தார்கள் என்பதைக் கண்டுபிடிப்பது என் வேலை அல்ல, எப்படி நடந்தது என்பதை உடலில் தேடுவதுதான் என் வேலை என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது.

விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) பதிந்து, புறக்காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பினோம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் அழைத்தோம்; மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து சமூகப் பணியாளர் வந்தார். பாலியல் குற்றமாக இருந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி தகவல் தருவது கட்டாயம், தராமல் விட்டால் ஆறு மாதம்வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ உண்டு என்பது மருத்துவர்கள் பலருக்கும் தெரியும். அடி, உதை, சூடு போன்றவற்றுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 75ஆம் பிரிவு இருப்பது அந்த அளவுக்குத் தெரிவதில்லை. ‘குடும்ப விஷயத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும்’ என்று மூத்தவர் ஒருவர் என்னிடம் கேட்டதற்கும் இந்த அறியாமைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மூத்த குழந்தையையும் அழைத்து வரச் சொல்லிப் பரிசோதித்தோம். அவன் உடலில் காயம் எதுவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து எக்ஸ்ரேக்களை மறுபடி எடுக்க வேண்டும் என்பது விதி. கட்டு போட்ட குழந்தையை எதற்கு மீண்டும் அலைக்கழிக்கிறீர்கள் என்று வார்டிலேயே முணுமுணுப்பு எழுந்தது. இந்த முறை வலப்பக்க விலா எலும்புகள் இரண்டில், முதுகெலும்போடு சேரும் இடத்தின் அருகே புது எலும்பு படிந்திருந்தது. புதிய விலா முறிவு முதல் படத்தில் தெரியாமல் போவது வழக்கம். ஆறத் தொடங்கிய பிறகே புலப்படும். குழந்தையின் மார்பை இரு கைகளாலும் அழுத்திப் பிடிக்கும்போது பின்பக்க விலா முறிகிறது. தூளியிலிருந்து ஒரு சாண் உயரம் விழுவதாலோ, காலின் மேல் அண்ணன் உட்காருவதாலோ அது நேர்வதில்லை. இரத்தப் பரிசோதனைகள் அனைத்தும் இயல்பாகவே வந்திருந்தன. ‘சொல்லப்பட்ட விளக்கங்களோடு காயங்கள் பொருந்தவில்லை, பிறர் ஏற்படுத்திய காயங்களாக இருக்கக்கூடும்’ என்று கருத்து எழுதிக் கொடுத்தேன். பெயர் எதையும் எழுதவில்லை.

குழந்தைகள் நலக் குழு விசாரித்து, குழந்தையைத் தாய்வழிப் பாட்டியின் பொறுப்பில் விட்டது. நீதிமன்றத்தில் சாட்சி சொன்னபோது குறுக்கு விசாரணையின் பெரும்பகுதி ரிக்கட்ஸைப் பற்றியே இருந்தது. பரிசோதனை எண்களை வாசித்தேன். முதல் நாள் மூவரும் சொன்னதை அவர்களுடைய சொற்களிலேயே படிக்கச் சொன்னார்கள், படித்தேன். எக்ஸ்ரே தொகுதிகள் இரண்டும் சான்றாவணங்களாகக் குறியிடப்பட்டன. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.