தேரிக்காட்டு ஜீப்பில் கம்ப்ரஸருக்கு வயரிங் செய்த அனுபவம்

உடன்குடிப் பக்கம் எங்கள் முந்திரித் தோப்புக்குப் போகும் பாதையின் கடைசிப் பகுதி முழுவதும் செந்தேரி மணல், அதாவது மேடுமேடாகக் குவிந்த சிவப்பு மணல். தார்ச்சாலையில் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றோடு ஓடும் டயர்களை 16க்கு இறக்கினால்தான் எங்கள் மஹிந்திரா தார் அங்கே புதையாமல் போகும். அந்தக் குறைந்த காற்றோடு சாலையில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கெட்டுவிடும் என்பதால், திரும்பும்போது நான்கு டயர்களுக்கும் காற்றேற்றியே ஆக வேண்டும். இதற்காகத்தான் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்றை, சிறிய காற்றுத் தொட்டியுடன், பின்னிருக்கைக்கு அடியில் நிரந்தரமாகப் பொருத்தினேன். எஞ்சின் சூடும் தண்ணீரும் அண்டாத இடம் அது.

பொருத்தும் வேலை அரை நாளில் முடிந்தது. வயரிங்தான் என்னைப் பல வாரங்கள் அலைக்கழித்தது. முதலில் 2.5 ஸ்கொயர் (2.5 சதுர மி.மீ. குறுக்குப் பரப்புள்ள) வயரைப் பேட்டரியிலிருந்து மூன்று மீட்டர் இழுத்து, எர்த்தை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் நெகட்டிவ் இணைப்பை, அருகிலிருந்த பாடி போல்ட் ஒன்றில் மாட்டினேன். கம்ப்ரஸர் ஓடியது, ஆனால் திணறியது. ஒரு டயருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேலாயிற்று. தொட்டியில் அழுத்தம் இருக்கும்போது மீண்டும் கிளம்ப முயன்ற இரண்டு தடவையும் 30 ஆம்பியர் ஃபியூஸ் போனது. பெரிய ஃபியூஸைப் போட்டுவிடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். ஃபியூஸ் காப்பது வயரைத்தானே தவிர மோட்டாரை அல்ல. வயரை மாற்றாமல் ஃபியூஸை மட்டும் பெரிதாக்கினால் வயர் தீப்பிடிக்க நாமே வழிவிட்டதாகும். ஆகவே அதற்கு நான் உடன்படவில்லை.

எஞ்சினை ஓடவிட்டு, கம்ப்ரஸர் ஏறக்குறைய 28 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் 14.0 வோல்ட் இருந்தது, மோட்டார் முனையிலோ 11.5 மட்டுமே. இடையில் காணாமற்போன 2.5 வோல்ட் எங்கே என்று தேட, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை மோட்டார் பாசிட்டிவிலும் வைத்தபோது 0.9 வோல்ட் காட்டியது. அதேபோல் எர்த் பக்கம் அளந்தபோது 1.6. இழப்பின் பெரும்பகுதி நான் கவனிக்காமல் விட்ட எர்த்தில்தான் இருந்தது. போல்ட்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டாமலே லக்கை (வயர் நுனியிலுள்ள உலோக வளையத்தை) முடுக்கியிருந்தேன். 28 ஆம்பியரில் 1.6 வோல்ட் என்றால் ஏறத்தாழ 45 வாட் வெப்பம். தொட்டபோது அந்த இணைப்பு விரலைச் சுட்டது.

எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் 6 ஸ்கொயர் வயரையே பேட்டரி வரை கொண்டுபோனேன். லக்குகளை வயரோடு அழுத்திக் கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டேன். எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள ஃபயர்வால் தகட்டில் வயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையமான குரோமெட்டைத் தவறாமல் வைத்தேன், ஏனெனில் தகட்டின் விளிம்பு நாளடைவில் இன்சுலேஷனை அறுத்துவிடும். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ். அதைத் தாண்டி, சிறு மின்னோட்டத்தால் இயங்கும் மின்சுவிட்சான ரிலே; அதன் 30, 87 முனைகள் வழியாகத்தான் மோட்டாரின் மின்னோட்டம் போகும். 120 பிஎஸ்ஐயில் நிறுத்தி 90இல் மீண்டும் இயக்கும் பிரஷர் சுவிட்சை, ரிலேயை இயக்கும் காயிலின் (கம்பிச் சுருளின்) 86ஆம் முனைக்குப் போகும் வழியில் சேர்த்தேன். காயில் இழுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு என்பதால் அந்தச் சுவிட்சின் தொடுமுனைகள் கருகாது. டாஷ்போர்டு சுவிட்சுக்கான மின்சாரத்தை இக்னிஷன் லைனிலிருந்து சிறு ஃபியூஸ் வழியாக எடுத்தேன். சாவியை எடுத்த பிறகு, தொட்டியில் காற்று கசிந்தாலும் கம்ப்ரஸர் தானாக ஓடிப் பேட்டரியைக் காலிசெய்யாது.

மறுபடி அளந்தபோது பேட்டரியில் 14.0, மோட்டாரில் 13.3. அடுத்த வாரம் தோப்பிலிருந்து திரும்பும்போது நான்கு டயர்களும் கால் மணி நேரத்துக்குள் 30 பிஎஸ்ஐக்கு ஏறின. உடனே பானெட்டைத் திறந்து எர்த் லக்கைத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை.