லண்டன்ல குண்டு வெடிச்ச அன்னைக்கும் மேட்ச் நடந்துச்சு

2005 ஜூலை 7 காலைல லண்டன் சுரங்க ரயில்லயும் ஒரு பஸ்லயும் குண்டு வெடிச்சு 52 பேர் செத்துப்போனாங்க. அதே நாள் லீட்ஸ்ல இங்கிலாந்து - ஆஸ்திரேலியா ஒருநாள் கிரிக்கெட் மேட்ச் இருந்துச்சு, நடந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு 21ம் தேதி லார்ட்ஸ்ல அதே ரெண்டு டீமோட ஆஷஸ் டெஸ்ட் தொடர் ஆரம்பிச்ச அன்னைக்கே லண்டன்ல மறுபடியும் குண்டு வைக்கப் பாத்தாங்க, அது சரியா வெடிக்காததால உயிர்ச்சேதம் இல்ல, ஆட்டமும் நிக்கல. 2017லயும் இதே கதைதான், மே மாசம் மான்செஸ்டர் கச்சேரில 22 பேர், ஜூன் 3 ராத்திரி லண்டன் பிரிட்ஜ்ல 8 பேர், மறுநாள் பர்மிங்காம்ல இந்தியா - பாகிஸ்தான் சாம்பியன்ஸ் டிராபி மேட்ச், நாம எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்து பாத்தோம். பாகிஸ்தானுக்கெல்லாம் மனுஷன் போவானான்னு கேக்கற மாதிரி, இங்கிலாந்துக்கெல்லாம் மனுஷன் போவானான்னு ஒருத்தர் கேட்டு நான் கேள்விப்படல.

இப்போ பாகிஸ்தான்ல இருக்கற லாகூருக்கு வாங்க. 2009 மார்ச் 3, டெஸ்ட் மேட்ச்சோட மூணாவது நாள், ஸ்டேடியத்துக்குப் போயிட்டு இருந்த இலங்கை டீம் பஸ்ஸை லிபர்டி ரவுண்டானா பக்கத்துல வெச்சு சுட்டாங்க. நம்ம முரளிதரனும் அந்த பஸ்லதான் இருந்தாரு. கராச்சில 231, லாகூர்ல 214னு அடிச்சு வாழ்க்கையோட உச்சத்துல இருந்த பேட்ஸ்மேன் சமரவீராவுக்கு தொடைல குண்டு. டிரைவர் கலீல் மட்டும் அன்னைக்கு வண்டிய நிறுத்தாம ஸ்டேடியத்துக்குள்ள கொண்டுபோய் விடலன்னா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சாலே பயமா இருக்கு. பின்னாடி நடுவர்கள் வந்த வேனோட டிரைவர் செத்துட்டாரு, காவலுக்கு வந்த பாகிஸ்தான் போலீஸ்காரங்க 6 பேர் செத்தாங்க.

அந்த 6 போலீஸ்காரங்களை யாருக்கு ஞாபகம் இருக்கு சொல்லுங்க? டிவில திரும்பத் திரும்ப வந்தது துப்பாக்கிக்காரனுங்க முதுகுல பையோட சந்துக்குள்ள சாவகாசமா நடந்து போற சிசிடிவி காட்சி. பாகிஸ்தான் சம்பந்தமா எந்த செய்தி வந்தாலும் பின்னாடி அதையே ஓட்டுனாங்க. டீம காப்பாத்தப் போய் செத்தவனும் அந்த ஊர்க்காரன்தான், ஆனா அந்த ஊரோட முகமா நம்ம மனசுல நின்னது சுட்டவன்.

நான் ரொம்ப நாளா யோசிச்சதுல எனக்குப் பட்டது இதுதான். லண்டன்னா நம்ம தலைக்குள்ள ஏற்கனவே ஆயிரம் படம் இருக்கு, பிக் பென், தேம்ஸ், சினிமா டூயட், அங்க படிக்கப் போன பக்கத்து வீட்டுப் பையன் அனுப்புன போட்டோ. அதுக்கு நடுவுல குண்டுவெடிப்பும் ஒரு படமா வந்து சேர்ந்து கொஞ்ச நாள்ல அடியில போயிடுது. லாகூருக்கு அப்படி ஒண்ணுமே இல்ல, குண்டு மட்டும்தான் இருக்கு, ஏன்னா குண்டு வெடிக்கிற அன்னைக்கு மட்டும்தான் அந்த ஊர்ப் பேரே நம்ம செய்தில வருது. 2022ல லாகூர் டெஸ்ட்டை வீட்ல பாத்துட்டு இருந்தப்போ எங்க சித்தப்பா, "ஏம்ப்பா, அங்க இவ்ளோ பொம்பளப் புள்ளைங்க மேட்ச் பாக்க வருவாங்களா?"ன்னு கேட்டாரு. தினமும் ரெண்டு பேப்பர் படிக்கிற மனுஷன்! அவரைக் குறை சொல்லி என்ன பண்ண, அவருக்குக் காட்டுனது அவ்ளோதான்.

இலங்கை அந்த டூருக்கு ஏன் போச்சுங்கறதும் முக்கியம். முதல்ல போக வேண்டியது இந்தியா, 26/11 மும்பை தாக்குதலுக்கு அப்புறம் நாம போகல, அந்த இடத்துக்குத்தான் இலங்கை வந்துச்சு. அவங்களுக்கு அதுக்கு ஒரு காரணமும் உண்டு. 1996 ஜனவரில புலிகள் கொழும்பு மத்திய வங்கிய தாக்குனதுக்கு அப்புறம், உலகக்கோப்பைல ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் கொழும்புக்கு வர மாட்டோம்னுட்டாங்க. அப்போ இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து ஒரே டீமா கொழும்புல போய் ஆடுனாங்க, ஸ்கோர்கார்டுல இலங்கை பேட்ஸ்மேன் களுவிதாரண அவுட் ஆனது வாசிம் அக்ரம் பந்துல சச்சின் பிடிச்ச கேட்ச்! இன்னைக்கு நினைச்சுப் பாக்க முடியுமா? அந்த வருஷம் இலங்கை கப் ஜெயிச்சது எங்க, இதே லாகூர் கடாஃபி ஸ்டேடியத்துல.

நமக்கும் அந்த அனுபவம் இருக்கு. மும்பைல 166 பேர் செத்து ரெண்டே வாரத்துல இங்கிலாந்து டீம் திரும்பி வந்து சேப்பாக்கத்துல ஆடுச்சு, 387 சேஸ் பண்ணி சச்சின் சதம் அடிச்ச அந்த மேட்ச்தான். அன்னைக்கு அவங்க வந்தது நமக்கு எவ்ளோ பெரிய ஆறுதலா இருந்துச்சு.

மும்பைல சுட்டவனுங்க வந்ததே பாகிஸ்தான்ல இருந்துதானே, வளத்துவிட்டது அந்த நாட்டு அரசாங்கமும் ராணுவமும்தானேன்னு நீங்க கேட்பீங்க. ஆமா, லஷ்கர் மாதிரி தீவிரவாத அமைப்புகளை அங்க வளரவிட்டாங்க, அந்தக் கோபம் எனக்கும் இருக்கு, குறையவும் இல்ல. லாகூர்ல குறியே கிரிக்கெட் டீம்தான், உடனே அங்க போய் ஆடியிருக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா 2014 டிசம்பர்ல அதே பாகிஸ்தான்ல, பேஷாவர் ஸ்கூல்ல தீவிரவாதிங்க புகுந்து 130க்கும் மேல பிள்ளைங்கள சுட்டுக் கொன்னாங்களே, அந்தப் பிள்ளைங்க எந்த அமைப்ப வளத்தாங்க? அன்னைக்குக் கூட "அவங்களுக்கு வேணும்"னு எழுதுனவங்கள நான் பாத்தேன். ஒரு நாட்டைப் பத்தி வருஷக்கணக்கா ஒரே படத்தைப் பாத்தா, செத்த குழந்தை கூட கண்ணுக்கு எதிரியாத்தான் தெரியும் போல, எனக்கு அதுதான் தாங்க முடியல.

2009க்கு அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல பாகிஸ்தான்ல டெஸ்ட் கிடையாது, சொந்த ஊர் ஆட்டத்தை எல்லாம் துபாய், அபுதாபின்னு காலி ஸ்டேடியத்துல ஆடுனாங்க. மிஸ்பா 56 டெஸ்ட்டுக்கு கேப்டனா இருந்தாரு, அதுல ஒண்ணு கூட சொந்த மண்ணுல இல்ல. 2019 டிசம்பர்ல ராவல்பிண்டிக்கு முதல்ல டெஸ்ட் ஆட வந்தது அடி வாங்குன அதே இலங்கைதான். 2009ல லாகூர்ல அந்த வேன்ல குண்டடி பட்டு உயிருக்குப் போராடுன நடுவர் அஹ்சன் ராசா, 2021 ஜனவரில கராச்சில டெஸ்ட் நடுவரா நின்னாரு, நான் பாக்குற சேனல் எதுலயும் அது வரல.

அப்புறம் 2022 மார்ச் 4. 24 வருஷம் கழிச்சு ஆஸ்திரேலியா அங்க டெஸ்ட் ஆட ஆரம்பிச்ச முதல் நாள். அன்னைக்கு பேஷாவர்ல ஒரு மசூதில வெள்ளிக்கிழமை தொழுகைல குண்டு வெடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. சாயங்காலம் ஷேன் வார்ன் இறந்த செய்தி வந்துச்சு, எனக்கும் அது பெரிய அடிதான், ஆனா நான் பாத்த சேனல்ல ராத்திரி முழுக்க வார்ன் மட்டும்தான், பேஷாவர் கீழ ஒரு வரியா ஓடி மறைஞ்சு போச்சு. டூர் நிக்கல, மூணு டெஸ்ட்டும் நடந்துச்சு, இஸ்லாமாபாத்ல பிறந்த கவாஜா ஆஸ்திரேலியாவுக்காக அங்க ரெண்டு சதம் அடிச்சாரு.

பேஷாவர்ல என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க அன்னைக்கு ராத்திரி அவங்க ஊர் டான் பத்திரிகை வெப்சைட்டுக்குப் போனேன், அப்புறம் அதைத் தினமும் பாக்கற பழக்கம் ஆயிடுச்சு. கரண்ட் கட், கோதுமை மாவு விலை, வெள்ளம், பரீட்சை ரிசல்ட், தண்ணி லாரிக்காரங்களோட சண்டைன்னு பாதிப் பக்கம் நம்ம ஊர் பேப்பர் மாதிரியேதான் இருக்கு. போன வாரம் சித்தப்பாவுக்கும் அந்த லிங்க்கை அனுப்பி வெச்சேன்.